சேமலாப நிதிக் காசும் நமது ஸதகாவும்



ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வருகிறேன். பள்ளிவாசல் மதிலோரமாக ஒரு சகோதரி தன் மூத்த மகளோடு நிற்கிறார். கணவர் மௌத்தாகி, இத்தாவுடைய நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்து அன்றுதான் வெளியே வந்திருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மரண அத்தாட்சிப் பத்திரம், கணவரின் அடையாள அட்டை, சம்பளச் சிட்டைகள் சில.

"மௌலவி, ஹவ்ழு கட்ட வேணாம் எண்டு நான் சொன்னா பாவமா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விபரம் வந்தது. கணவர் துறைமுகப் பக்கத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். ஐம்பத்தைந்து வயது வரும் முன்னரே அல்லாஹ் அழைத்துக் கொண்டான். அவருடைய ஊழியர் சேமலாப நிதியில், அதாவது நாம் எல்லோரும் ஈ.பி.எஃப். என்று சொல்லும் கணக்கில், இருபத்து நான்கு லட்சம் ரூபாய் இருந்தது. காசு யாருக்குச் சேர வேண்டும் என்று படிவத்தில் பெயர் எழுதிய காலத்தில் மனைவியிடம் அடையாள அட்டை இருக்கவில்லை. ஆகவே தம்பியின் பெயரை எழுதிவிட்டார். பிறகு மாற்ற மறந்துவிட்டார். காசு தம்பியின் கணக்குக்கு வந்தது.

தம்பி கெட்டவர் அல்லர். அதுதான் இந்த விஷயத்தின் கஷ்டமே. காக்காவுக்கு ஸதகதுல் ஜாரியாவாக இருக்கட்டும் என்று ஆறு லட்சத்தைப் பள்ளிவாசலில் ஹவ்ழு கட்டக் கொடுத்துவிட்டார். மீதியைப் பிள்ளைகளுக்கென்று வங்கியில் வைத்திருக்கிறார். ஊரெல்லாம் அவரை மெச்சுகிறது. வீட்டில் ஒரு மகனும் இரண்டு பெண்பிள்ளைகளும், கணவரின் வயதான உம்மாவும் இருக்கிறார்கள். சீமெந்து வாங்கியாகிவிட்டது. இந்த நிலையில் அந்தச் சகோதரி வாய் திறந்தால், பள்ளிவாசல் காரியத்தைத் தடுத்த பெண் என்ற பேர் வரும். அதற்குத்தான் பயந்து பயந்து கேட்டார்.

பாவம் இல்லை என்று சொன்னேன். அந்த ஆறு லட்சம் ஸதகாவே இல்லை என்றும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை நீங்களும் அறிந்துகொள்ள வேண்டும். நம் துறைமுக வட்டாரத்தில் இந்தக் காசு வராத தெருவே இல்லை.

பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபரில் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. அடுத்த ஆண்டுதான், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமாக, ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. அரச ஓய்வூதியம் இல்லாத தொழிலாளிக்கு முதுமையில் ஒரு பிடிமானம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1980களில் சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்து ஆலையும் இயங்கத் தொடங்கின. அவற்றைச் சுற்றி லொறி, களஞ்சியம், கப்பல் சரக்கு என்று வேலைகள் பெருகின. கிண்ணியாவிலிருந்து, 2009இல் பாலம் திறக்கும் வரை, பாதையில் ஏறிக் கடலைத் தாண்டி வேலைக்குப் போன வாப்பாமாரின் வியர்வை அந்தக் கணக்குகளில் கிடக்கிறது.

சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் தொழிலாளியிடமிருந்து கழிகிறது. தொழில் கொடுப்பவர் 12 வீதம் சேர்க்கிறார். இது தவிர, 1981 முதல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது ஈ.டி.எஃப்.புக்கு, தொழில் கொடுப்பவர் மட்டும் 3 வீதம் கட்டுகிறார். சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். திருமணத்தை முன்னிட்டு வேலையை விடும் பெண்ணும் எடுக்கலாம். இடையில், பத்து வருடச் சேவையும் மூன்று லட்சத்துக்குக் குறையாத மீதியும் உள்ளவர் வீட்டுத் தேவைக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை பெறலாம். ஸதகாவுக்கோ ஹஜ்ஜுக்கோ இடையில் எடுக்க வழியில்லை. நிதியிலிருந்து நேரே ஒரு பள்ளிவாசலுக்கோ அநாதை இல்லத்துக்கோ அனுப்பவும் வழியில்லை. காசு முதலில் நம் கைக்கு வரவேண்டும், பிறகுதான் கொடுக்கலாம்.

வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். அமெரிக்காவில் 2006 முதல், எழுபதரை வயதைத் தாண்டியவர் தன் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து நேரே தர்ம ஸ்தாபனத்துக்கு அனுப்பினால், அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. இங்கிலாந்தில் 1990இல் வந்த கிஃப்ட் எய்ட் முறைப்படி, வரி கட்டும் ஒருவர் பதிவுபெற்ற தர்ம ஸ்தாபனத்துக்கு 100 பவுண் கொடுத்து ஒரு படிவத்தில் கையொப்பமிட்டால், அந்த ஸ்தாபனம் அரசாங்கத்திடமிருந்து இன்னும் 25 பவுண் பெற்றுக்கொள்ளும். லண்டனில் இருக்கும் தம்பி ஊருக்கு உதவி செய்ய நினைத்தால் இதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். சொந்தக்காரருக்கு அனுப்பும் காசுக்கு அது பொருந்தாது.

நம் நாட்டு வரி விஷயம் இது. ஓய்வுபெறும்போது வரும் கொடுப்பனவுகளில் முதல் ஒரு கோடி ரூபாய்க்கு வரி வீதம் பூச்சியம். 2020 முதல் இப்படி. அடுத்த ஒரு கோடிக்கு 6 வீதம், அதற்கு மேல் 12 வீதம். நம் தொழிலாளர்களில் எத்தனை பேர் முதல் கோடியைக் காண்பார்கள்? தர்மத்துக்கான கழிவு என்று பார்த்தால், நோயாளிகளையும் வறியவர்களையும் தங்கவைத்துப் பராமரிக்கும், அரசு அங்கீகரித்த ஸ்தாபனத்துக்குக் கொடுத்த காசை வருமானத்திலிருந்து கழிக்கலாம். தனிநபருக்கு அது வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொரு பங்கு, அல்லது 75,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. பள்ளிவாசல் கட்டடத்துக்குக் கொடுத்த ரசீதைக் கொண்டுபோய் இந்தக் கழிவைக் கேட்க முடியாது. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்குப் பதினெட்டு லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லை என்பதால், பெரும்பாலான வீடுகளுக்கு இந்தக் கழிவு தேவையும் இல்லை.

ஆனால் ஒரு சிறு விஷயம் உங்களுக்குப் பயன்படும். ஓய்வுபெற்ற காசை வங்கியில் வைப்புச் செய்தால், அதற்கு வரும் வருமானத்தில் 2025 ஏப்ரல் முதல் 10 வீதத்தை வங்கியே வரியாகக் கழிக்கிறது. வருட வருமானம் பதினெட்டு லட்சத்தைத் தாண்டாதவர் வங்கியில் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தால் அது கழியாது. ஒரு விதவைக்கு மாதம் ஆயிரம் இரண்டாயிரம் மிஞ்சும். ஏழை அயலவருக்குக் கொடுக்க அதுவே போதும். ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு வரியைப் பற்றிய கவலை சிறிது. பெரிய கேள்வி, கொடுக்கும் காசு யாருடையது என்பது.

படிவத்தில் பெயர் குறிக்கப்பட்டவரை எல்லோரும் நொமினி என்பார்கள். சட்டப்படி காசு அவர் கையில் கொடுக்கப்படும். அவர் கையில் வந்ததால் அது அவருடைய சொத்தாகிவிடுமா? மலேசியாவிலும் நம்முடையதைப் போன்ற சேமலாப நிதி உண்டு. அங்கு 1973இலேயே உலமாக்கள் கூடி, பெயர் குறிக்கப்பட்டவர் வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்று பத்வாக் கொடுத்தார்கள். சிங்கப்பூர் உலமாக்கள் 2010இல் வேறு விதமாக, அது நன்கொடையாகவும் அமையலாம் என்றார்கள். கருத்து வேற்றுமை உண்டுதான். ஆனால் நம் ஊரில் நடந்தது என்ன? அடையாள அட்டை இல்லாத காரணத்தால் ஒரு பெயர் எழுதப்பட்டது. தம்பிக்கு இருபத்து நான்கு லட்சம் அன்பளிப்பாகக் கொடுக்கிறேன் என்று அந்த மனிதர் ஒரு நாளும் நினைத்திருக்கமாட்டார். அது அமானிதம்.

அப்படியானால் மையித்தின் சொத்து எந்த ஒழுங்கில் போக வேண்டுமோ அந்த ஒழுங்கில்தான் இதுவும் போகும். கபனடக்கச் செலவு, பிறகு கடன். கொடுக்கப்படாத மஹரும் கடன்தான் சகோதரிகளே, வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். கொடுபடாத ஸகாத்தும் கடமையாகிச் செய்யாமல் விட்ட ஹஜ்ஜும் நம் மத்ஹபில் அவ்வாறே. அதன் பிறகு வஸிய்யத், மூன்றிலொன்றுக்கு மேற்படாமல். பிறகு வாரிசுகள். இந்த வீட்டில் கடனும் இல்லை, வஸிய்யத்தும் இல்லை. மனைவிக்கு எட்டிலொன்று, அதாவது மூன்று லட்சம். உம்மாவுக்கு ஆறிலொன்று, நான்கு லட்சம். மிஞ்சிய பதினேழு லட்சத்தில் மகனுக்கு எட்டரை, பெண்பிள்ளைகள் இருவருக்கும் நாலேகால், நாலேகால். மகன் இருப்பதால் தம்பிக்கு ஒரு சதமும் இல்லை. பெரியவர்களான உம்மாவும் மனைவியும் விரும்பினால் தங்கள் பங்கிலிருந்து ஹவ்ழுக்குக் கொடுக்கலாம். பருவமடையாத பிள்ளைகளின் பங்கை யாரும் தர்மம் செய்ய முடியாது. பெற்ற தாய்க்கும் அந்த உரிமை இல்லை.

கத்தத்துக்கு ஆடு அறுத்த செலவையும் சிலர் இப்படித்தான் அநாதைகளின் பங்கிலிருந்து எடுக்கிறார்கள். அதைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

இப்போது உயிரோடிருந்து காசை எடுத்தவர்களைப் பற்றிப் பார்ப்போம். ஐம்பத்தைந்து வயதான ஒருவரின் முற்றத்துக்கு அந்த மாதத்தில் எத்தனை ரசீதுப் புத்தகங்கள் வரும் என்பதை நான் அறிவேன். அவற்றில் ஒன்று என் மத்ரஸாவினுடையதாகவும் இருந்திருக்கிறது. அவருக்கும் மனம் இளகியிருக்கும். வேலைக்காலத்தில் செய்யாததையெல்லாம் ஒரே நாளில் செய்துவிடத் தோன்றும். அபூபக்ர் (ரலி) அவர்கள் முழுவதையும் கொண்டுவந்து கொடுத்தார்களே என்பார். உண்மைதான். ஆனால் தபூக்குக்குப் போகாமல் தங்கிவிட்டு, தௌபா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் சொத்து முழுவதையும் கொடுக்க முன்வந்த கஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்களிடம், கொஞ்சத்தை வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மக்காவில் நோயுற்றுப் படுத்திருந்த ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மூன்றில் இரண்டு கேட்டார்கள், பாதி கேட்டார்கள், இரண்டும் மறுக்கப்பட்டது. மூன்றிலொன்று அனுமதிக்கப்பட்டு, அதுவும் அதிகம் என்று சொல்லப்பட்டது. வாரிசுகள் பிறரிடம் கையேந்தும்படி விட்டுப்போவதைவிட, தேவையற்றவர்களாக விட்டுப்போவது மேல் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் இது.

அரபுக் கல்லூரியில் நாங்கள் ஓதிய மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். தன் பராமரிப்பில் உள்ளவர்களின் செலவுக்குத் தேவையான காசையும், தீர்க்க வேறு வழியில்லாத கடனுக்குத் தேவையான காசையும் ஸதகா செய்வது ஹராம் என்பதே மிகச் சரியான கருத்து என்கிறார்கள். மக்ரூஹ் என்றல்ல, ஹராம் என்று! மாணவனாக இருந்த காலத்தில் இந்த வரியை வேகமாகக் கடந்து போனேன். இப்போது வீட்டுக்கு வீடு பார்க்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

நம் கிழக்கில் இன்னொரு வழக்கம் உண்டு. வீடு பெண்பிள்ளைக்கு. வாப்பாவின் சேமலாப நிதி எத்தனையோ குடும்பங்களில் மூத்த மகளின் வீட்டுச் சுவராகவே எழும்பிவிடுகிறது. இளையவள் வளர்ந்து வரும்போது கணக்கு வெறுமையாக இருக்கும். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்த சம்பவத்தை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மூத்தவளின் வீட்டுக்கு அஸ்திவாரம் வெட்டும் நாளிலேயே மற்றவர்களுக்கு என்ன என்று உம்மாமார் கேட்டுவிட வேண்டும். ஸதகாவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

ஸகாத் வேறு விஷயம், அது விருப்பம் அல்ல. நிதியில் கிடக்கும் காலத்தில் அந்தக் காசைத் தொழிலாளி தன் இஷ்டப்படி எடுக்க முடியாது. ஆகவே ஓய்வுக்காலக் கொடுப்பனவு கையில் வரும்வரை அதற்கு ஸகாத் இல்லை என்பது இக்கால அறிஞர் பலரின் கருத்து. வந்த பின் மற்றச் சொத்துக்களோடு சேர்த்து, வருடம் பூர்த்தியானதும் இரண்டரை வீதம். காசு கிடைத்த உடனேயே ஒரு வருடத்துக்குரியதைக் கொடுத்துவிடுவது பேணுதல் என்பாரும் உண்டு. இருபத்து நான்கு லட்சத்துக்கு அது அறுபதாயிரம். தங்கத்தின் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தில், 85 கிராம் தங்கத்தை நிஸாபாக எடுத்தால் பல தொழிலாளரின் காசு அந்த அளவைத் தொடாமலே போகலாம். 595 கிராம் வெள்ளியை எடுத்தால் தாண்டிவிடும். ஏழைகளுக்கு எது நல்லதோ அதை எடுங்கள் என்றுதான் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்றை மறக்க வேண்டாம்: ஹவ்ழு கட்டவும் மதில் கட்டவும் ஸகாத்தைக் கொடுக்க முடியாது. அது மனிதர்களுக்குரியது.

நிதியில் வருடாவருடம் சேரும் வட்டி என்ற பகுதி, சட்டப்படி கட்டாயமாகப் பிடிக்கப்படும் காசுக்கு மேலதிகமாக வருவதால் அது ரிபா ஆகாது என்று முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) போன்றோர் எழுதியிருக்கிறார்கள். ஏற்காதவர்களும் உண்டு. மனதில் சந்தேகம் உள்ளவர் அந்தப் பகுதியைக் கணக்குப் பார்த்துப் பிரித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் அதைக் கொடுத்துவிட்டு, ஸதகா செய்தேன் என்று பெயர்ப்பலகை போடக் கூடாது.

தையல் தொழிற்சாலையிலோ தனியார் பாடசாலையிலோ வேலை செய்த சகோதரிகளுக்கும் இந்தக் கணக்கு உண்டு. அது உங்கள் காசு. கணவருடையதும் அல்ல, வாப்பாவுடையதும் அல்ல. திருமணத்துக்காக வேலையை விட்டு எடுக்கும் காசை, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சீதனக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள், கஷ்டத்திலிருந்த தன் கணவருக்கும் தன் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவழிப்பது ஸதகாவாகுமா என்று பிலால் (ரலி) அவர்கள் மூலம் கேட்டனுப்பினார்கள். இரண்டு கூலி உண்டு என்று பதில் வந்தது: உறவைப் பேணிய கூலி ஒன்று, ஸதகாவின் கூலி மற்றொன்று. அந்தப் பெண்மணி கேட்டது தன் காசைப் பற்றி, தானே முடிவெடுக்க. நீங்களும் அப்படிக் கேளுங்கள்.

நீண்டு நிலைக்கும் நன்மை வேண்டுமென்றால் வக்பு இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த நிலத்தை அப்படியே நிறுத்தி, விளைச்சலை மட்டும் தர்மமாக்கினார்கள். நம் மத்ஹபில் பணத்தை அப்படியே வக்பு செய்வது செல்லாது என்பது பிரபலமான கருத்து. ஆகவே ஒரு சிறு வயல் துண்டோ, வாடகை வரும் கடை அறையோ வாங்கி வக்பு செய்யலாம். உறுதி எழுதி, 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட பள்ளிவாசலிடம் ஒப்படைப்பது நல்லது. வாய்ப்பேச்சில் கொடுத்த வக்புகளுக்கு என்ன நடந்தது என்பது ஊருக்கு ஊர் தெரியும்.

வஸிய்யத் எழுத நினைப்பவர், வாரிசு அல்லாதவருக்கோ நல்ல காரியத்துக்கோ மூன்றிலொன்றுக்குள் எழுதலாம். நம் நாட்டுச் சட்டப்படி மரண சாசனம் செல்லுபடியாக வேண்டுமானால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். நொமினியாகப் பெயர் எழுதும்போது, இந்தக் காசு வாரிசுகளின் அமானிதம் என்று ஒரு கடிதமும் எழுதி, அவருக்கும் வீட்டாருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். சுனாமி வந்த 2004 டிசம்பரிலும், மூதூரிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்த 2006இலும், கடதாசிகளை இழந்தவர்கள் பட்ட அலைச்சலைக் கண்டவர்கள் நாம். அங்கத்தவர் இலக்கத்தையாவது இரண்டு வீடுகளில் எழுதி வையுங்கள்.

அந்தச் சகோதரியின் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தம்பியையும் நிர்வாகிகளையும் கூட்டி வைத்துப் பங்கைக் கடதாசியில் போட்டுக் காட்டினேன். தம்பி வெகுநேரம் பேசவில்லை. நிர்வாகிகள் சிலர் முகம் சுளித்தார்கள், வயதான ஒருவர் மட்டும் சீமெந்தின் விலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மீதிக் காசு அன்றே திரும்பி வந்தது. சீமெந்துக்குப் போனதை இரண்டு ஜும்ஆக்களில் சேர்த்துக் கொடுத்தார்கள். ஹவ்ழு பாதியில் நிற்கிறது. குழாயடியில்தான் வுழூச் செய்கிறோம். தன் மூன்று லட்சத்திலிருந்து கொஞ்சம் தருவதாக அந்தச் சகோதரி சொல்லியனுப்பினார். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கணக்கைப் பார்த்த பிறகு தரும்படி பதில் அனுப்பினேன்.

தம்பியும் துறைமுகப் பக்கத்தில்தான் வேலை. அடுத்த கிழமை தன் படிவத்தைப் பார்ப்பதற்காகக் கந்தோருக்குப் போயிருக்கிறார். அதில் அவருடைய வாப்பாவின் பெயர் இருந்திருக்கிறது. வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருடம்.